வேரிங் ஹவுஸின் நாற்பத்து மூன்றாவது பெயர்

அத்தியாயம் 9

பள்ளி வாசலில் டாக்ஸி நின்ற பிறகும் வினிஃப்ரெட் லேஸி இறங்கவில்லை.

"வந்தாச்சும்மா" என்றார் டிரைவர். "ஆர்டன்ஹோம் இதுதான்."

"தெரியும்."

"ரயில் ஏதும் தவறிப்போச்சா? முகமே சரியில்லையே."

"ஒண்ணுமில்லை. ஒரு நிமிஷம் உட்கார்ந்துக்கறேன்."

கைப்பையில் இருந்தது போன வாரம் வந்த கடிதம். சின்ன மகள் மெரியல் எழுதியது. மூன்று பக்கம் முழுக்கப் புட்டிங்கில் கட்டி தட்டியிருந்தது, வெந்நீர் வரவில்லை என்ற புகார்கள். கடைசியில் மறந்துபோய்ச் சேர்த்தது போல ஒரு வரி: 'குன்றோட்டத்துக்கு எனக்கு எனிட் சித்தியோட நம்பர் கொடுத்திருக்காங்க. பத்தொன்பது! ரோஸ்தான் ஏற்பாடு பண்ணினா. உனக்குப் பெருமையா இருக்கும்னு சொன்னா.'

அந்த வரியைப் படித்துவிட்டு அவள் காலைச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனதும், கணவன் ஹ்யூ, "பழசைக் கிளறாதே வின்னி" என்று கெஞ்சியதும் உங்களுக்கு நினைவிருக்கும். கேட்டாளா? இருபத்தைந்து வருஷமாகக் கால் வைக்காத இடத்துக்கு, இன்று, 1962 மார்ச் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, தன்னந்தனியாக வந்து நிற்கிறாள்.

மகள்கள் இருவரையும் பள்ளியில் சேர்க்க வந்தது ஹ்யூதான். "வேரிங் ஹவுஸ் வேண்டாம், வேறு எதில் போட்டாலும் சரி" என்று எழுதிக்கூடக் கேட்டார். 'அது வழக்கமில்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. எங்கள் பள்ளியில் ஹவுஸ், அதாவது பிள்ளைகள் தங்கும் விடுதி அணி, ரத்தத்தில் வருவது. அம்மா வேரிங் என்றால் மகளும் வேரிங். அக்கா வேரிங் என்றால் தங்கையும் வேரிங்தான். நான் ஸ்டோக் ஹவுஸ்காரி. எங்கள் அம்மாவும் ஸ்டோக். ஆகவே வேரிங்கைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

வினிஃப்ரெட் இறங்கினாள். பனியும் மழையும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் தூறியது.

ஹவுஸ் வாசலில் மிஸ் டேரன்ட் குடையோடு நின்றிருந்தார். வேரிங்கின் பொறுப்பாசிரியை. முப்பத்தெட்டு வயதுதான், ஆனால் ஐம்பது வயதுக்காரி போல் கம்பளிச் சட்டையும் கனத்த ஷூவும். இவரும் இதே ஹவுஸில் படித்தவர்தான்.

"மிசஸ் லேஸி! நீங்க வந்ததுல பிள்ளைங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சரியா இருபத்தஞ்சாவது வருஷம். உங்க தங்கை வருஷம்."

"நீங்க அப்போ மூணாம் ஃபார்ம் வகுப்பு, இல்லையா?"

"ஆமாம். சின்னப் பொண்ணு. ஒண்ணும் பெரிசா ஞாபகமில்லை" என்று சொல்லிவிட்டு மிஸ் டேரன்ட் குடையை மடக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

முன்கூடத்தில் அந்தப் பித்தளைத் தகடு இருந்தது. 'எனிட் பெல்ஹாம், வயது 13. நோய்ப்படுக்கையிலிருந்து தானே எழுந்து, தன் ஹவுஸுக்காக ஓடினாள்.' ஓட்டத்துக்குப் போகும் பெண்கள் அதை விரலால் தொட்டுவிட்டுப் போவது வழக்கம். தொட்டுத் தொட்டு, 'தானே' என்ற சொல் தேயத் தொடங்கியிருந்தது. வினிஃப்ரெட் அதைத் தொடவில்லை.

ஒரு பெண் செத்த பிறகு ஓட்டத்தை நிறுத்தியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். நாங்களா? தகடு வைத்தோம்.

அந்த ஓட்டத்தின் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஹவுஸில் உள்ள எல்லாப் பெண்களும் ஓடியாக வேண்டும். பீக்கன் குன்றின் உச்சியில் ஒரு கல் இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டு நாலு மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும். முதலில் வருபவளுக்குக் கைதட்டல், அவ்வளவுதான். ஹவுஸில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் திரும்பினால் 'ஃபுல்'. அதற்கு ஐம்பது பாயின்ட். ஒருத்தி குறைந்தாலும் ஒரு பாயின்ட்கூடக் கிடையாது. காய்ச்சல் என்று விடுதி நர்ஸான மேட்ரனிடம் சீட்டு வாங்கிக்கொண்டு படுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் ஃபுல் போய்விடும். பிறகு கோடை விடுமுறைவரை அவளோடு யாரும் பேச மாட்டார்கள்.

"அம்மா!"

மாடிப்படியில் ரோஸமண்ட் இறங்கி வந்தாள். பதினேழு வயது. கழுத்தில் விசில், கையில் பெயர்ப்பட்டியல், மார்பில் கேப்டன் பட்டை. அப்படியே அந்தக் காலத்து வினிஃப்ரெட். தோள்கூட அதே மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நடப்பாள்.

"நிஜமாவே வந்துட்டியா! அப்பா எங்கே?"

"வரலை. ரோஸ், அந்த நம்பரை மெரியலுக்குக் கொடுக்காதே."

"ஏன்? இருபத்தஞ்சு வருஷமா பெட்டியில கிடந்தது. அவளுக்கில்லாம யாருக்கு?"

"வேண்டாம்னு சொல்றேன்."

"அம்மா, ஸ்டோக்கைவிட நாம நாற்பத்தாறு பாயின்ட் பின்னாடி இருக்கோம். ஃபுல் எடுத்தா ஷீல்டு நமக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு வேகம் வேணும். அந்த நம்பரைப் பார்த்தாலே அவங்களுக்கு மயிர்க்கூச்செடுக்குது. நீ கேப்டனா இருந்தவதானே? உனக்குப் புரியாதா?"

புரிந்தது.

"மெரியல் எங்கே?"

"மேலே. துணி மாத்திக்கறா" என்று பட்டியலைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு ரோஸமண்ட் வெளியே ஓடினாள்.

அப்போதுதான் அந்த இருமல் கேட்டது.

மூன்று இருமல். பிறகு அழுகையை அடக்குவது போல ஒரு சின்ன மூச்சு.

இந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு மார்ச்சிலும் வீட்டு மாடிப்படியில் கேட்கும். ஹ்யூ எழுந்து போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு, "யாருமில்லை வின்னி" என்று வந்து படுப்பார். யாருமில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் இன்று கேட்டது நெஞ்சுக்குள் இருந்து வந்த சத்தமில்லை. மாடியிலிருந்து, ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டில், அந்தக் காலத்தில் எனிட் படுத்த கட்டில், இருக்கும் பக்கத்திலிருந்து வந்தது.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கூந்தலை ஒற்றைப் பின்னலாகப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி மூன்றாவது கட்டிலில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. நெஞ்சில் எண்ணைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"எனிட்" என்றாள் வினிஃப்ரெட். தன்னையறியாமல்.

சிறுமி திரும்பினாள். மெரியல்.

"அம்மா! நீ எப்போ வந்தே? என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டே?"

வினிஃப்ரெட் அவள் நெற்றியில் கை வைத்தாள். நெருப்பாகச் சுட்டது.

"எத்தனை நாளா?"

"வியாழக்கிழமையிலேர்ந்து. சும்மா ஜலதோஷம்தாம்மா."

"மூச்சு விட்டா வலிக்குதா?"

மெரியல் ஜன்னலைப் பார்த்தாள். "இந்தப் பக்கம் மட்டும். கொஞ்சம்."

"மேட்ரன்கிட்ட சொன்னியா?"

"சொல்லிடாதேம்மா, ப்ளீஸ்! சொன்னா ஃபுல் போயிடும். ரோஸ்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"காலையில எழுந்திருக்கவே முடியலை. அவ வந்து போர்வையைப் பிடிச்சு இழுத்துட்டா. 'எனிட் சித்தி இப்படியா சிணுங்கினாங்க?'ன்னு கேட்டா. எனக்கே வெட்கமாப் போச்சு."

வினிஃப்ரெட் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இதே அறை. ஒரு போர்வை. அதைப் பிடித்து இழுத்த கை அன்று அவளுடையது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஹ்யூவிடம்கூட.

"நீ ஓடப் போறதில்லை" என்றாள்.

"ஓடுவேன்."

"மெரியல்!"

"சித்தியை யாராவது நிறுத்தினாங்களா? நீதானே கேப்டன்? நீயே விட்டியே!" மெரியலுக்கு அழுகையும் இருமலும் சேர்ந்து வந்தது. "அவங்க பெரிய மனுஷி, நான் மட்டும் கோழையா?"

இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அது தொண்டைவரை வந்தது. வினிஃப்ரெட் அதை மென்று முழுங்கினாள். இருபத்தைந்து வருஷப் பழக்கம் அல்லவா!

"படுத்துக்கோ. மேட்ரனைக் கூட்டிட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை அங்கேயே படுத்திருக்கும்.

மேட்ரன் சிக் ரூமில் இல்லை. வெந்நீரும் போர்வைகளும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போயிருந்தார். மைதானத்தில் தேடினால், உருளைக்கிழங்கு சூப் என்ன ஆயிற்று என்று பார்க்கச் சமையல்கட்டுக்குப் போயிருந்தார். சமையல்கட்டில் ஒருவழியாக அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடியேறியபோது மூன்றாவது கட்டில் காலியாக இருந்தது. பின்பக்கப் படிக்கதவு திறந்து கிடந்தது.

வெளியே விசில் ஊதியது.

வேரிங் ஹவுஸ் வரிசையாக நின்றிருந்தது. நாற்பத்திரண்டு பச்சைக் கால்சட்டைகள். வேடிக்கை பார்க்க வந்த பெற்றோர்கள் குடைக்கு அடியில். ரோஸமண்ட் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்ல, "உள்ளேன்", பெயர் சொல்ல, "உள்ளேன்" என்று பதில்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"மெரியல் லேஸி."

"உள்ளேன்!" பின்னாலேயே மூன்று இருமல்.

வினிஃப்ரெட் புல்வெளியில் வழுக்கி வழுக்கி ஓடிவந்தாள். நாற்பத்திரண்டாவது பெயரும் முடிந்தது. ரோஸமண்ட் பட்டியலைத் தாழ்த்தினாள். கடைசிப் பெயரைப் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை, அது எல்லோருக்கும் மனப்பாடம்.

"எனிட் பெல்ஹாம்."

நாற்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "இருக்கிறாள்!"

வருஷா வருஷம் இதைக் கேட்கும்போது ஸ்டோக் வரிசையில் நின்ற எங்களுக்கே உடம்பு சில்லிடும். பதிமூன்று வயதுப் பிள்ளைகள் ஒரு செத்தவளுக்காகச் சொல்லும் பதில் அது. சொல்லிவிட்டு யாரும் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். அவள் வந்து வரிசையில் நிற்க இடம் விடுவது போல.

அந்த அமைதியில், "இல்லை" என்றாள் வினிஃப்ரெட்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"அவ இல்லை. செத்துப்போயிட்டா. தானா எழுந்து ஓடலை. நான்தான் அவ போர்வையை இழுத்தேன். 'நீ ஓடலைன்னா நாற்பது பேரும் உன்கூடப் பேச மாட்டோம்'னு சொன்னேன். கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்து இந்த இடத்துல நிறுத்தினேன்."

"அம்மா, நிறுத்து" என்றாள் ரோஸமண்ட் மெதுவாக. முகம் சிவந்துவிட்டது. "எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். ஓடிட்டு வந்தா. நான் கைதட்டினேன். ஃபுல் வந்துதுன்னு கத்தினேன். அப்புறம் அவ ஹவுஸ் வாசப்படியிலேயே விழுந்தா. ஒன்பதாம் நாள் செத்துட்டா. பெரிய மிஸ் என்னைக் கேட்டாங்க, 'அவ ஏன் ஓடினா?'ன்னு. 'அவளாத்தான் ஓடினா, நான் வேண்டாம்னு சொன்னேன், கேட்கலை'ன்னேன். எங்க அம்மா சாகறவரைக்கும் அந்தத் தகட்டைச் சொல்லிச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிட்டாங்க. அவங்ககிட்ட இருந்து அதைப் பிடுங்க எனக்கு தைரியம் வரலை."

"பொய்!" ரோஸமண்ட் குரல் கீச்சிட்டது. "என்னை நிறுத்தறதுக்காகச் சொல்றே. மெரியல் ஓடக்கூடாதுன்னு இட்டுக்கட்டிச் சொல்றே!"

"பொய் இல்லை ரோஸமண்ட்."

பேசியது மிஸ் டேரன்ட். குடை கையிலிருந்து சரிந்திருந்தது, நனைவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அடுத்த கட்டில் என்னோடது. நான் முழிச்சுத்தான் இருந்தேன். தூங்கற மாதிரி படுத்துக்கிட்டேன். என்னையும் இழுத்துடுவாங்களோன்னு பயம்." வினிஃப்ரெட்டைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க வின்னி. எனக்கும் ஃபுல் வேணும்னுதான் இருந்தது."

பொறுப்பாசிரியை ஆனதிலிருந்து வருஷா வருஷம் அந்த நாற்பத்து மூன்றாவது பெயரைப் பட்டியலில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்ததே இந்த அம்மாள்தான்!

ரோஸமண்ட் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு வரிசைக்குள் போய், மெரியலின் முன்னால் மண்டியிட்டு, நெஞ்சில் இருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒரு ஊக்கு அவள் கட்டைவிரலிலேயே குத்தியது. எண் துணியை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மேட்ரன்கிட்ட போ."

"ரோஸ், நான் ஓடறேனே..."

"போன்னு சொன்னேன்ல!"

வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்: "அவ்வளவுதான், ஃபுல் போச்சு." இன்னொரு குரல்: "இவளாலதான்." மெரியல் அதைக் கேட்டாள். வினிஃப்ரெட் அவளைப் போர்த்தி அணைத்துக்கொண்டபோது, அந்தச் சின்ன உடம்பு காய்ச்சலில் நடுங்குகிறதா அந்தச் சொல்லில் நடுங்குகிறதா என்று தெரியவில்லை.

"ரோஸ்" என்று கை நீட்டினாள் வினிஃப்ரெட்.

ரோஸமண்ட் அந்தக் கையைப் பார்த்தாள். தொடவில்லை. "என்னை இந்த ஹவுஸ்ல சேர்த்து ஆறு வருஷம் ஆச்சும்மா. ஆறு வருஷமா நான் அந்தத் தகட்டைத் தொட்டுட்டு ஓடறேன். ஒரு லெட்டர்ல சொல்லியிருக்கலாமே?"

பதிலுக்குக் காத்திராமல் விசிலை ஊதினாள். நாற்பத்தொரு பெண்கள் குன்றைப் பார்த்து ஓடினார்கள். தலைமையில் ரோஸமண்ட், திரும்பிப் பார்க்காமல்.

சிக் ரூமில் மேட்ரன் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நூற்று மூன்று புள்ளி நாலு. உதட்டைக் கடித்துக்கொண்டு டெலிபோனுக்குப் போனார். டாக்டர் ஏதோ பண்ணையில் பிரசவத்துக்குப் போயிருக்கிறார், தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று பதில் வந்தது.

"டாக்டர் வரட்டும், வராமப் போகட்டும், ஆம்புலன்ஸும் அனுப்பச் சொல்லிட்டேன்" என்றார் மேட்ரன். "நான் அந்தக் காலத்து மேட்ரன் இல்லை."

வினிஃப்ரெட் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெரியலின் நெற்றியில் ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். எனிட் படுத்திருந்ததும் இதே அறைதான். அந்த ஒன்பது நாளில் ஒரு நாள்கூட வினிஃப்ரெட் உள்ளே வரவில்லை. தொற்றிக்கொள்ளும் என்று தடுத்தார்கள், தடுத்தது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வருகிறது.

"அம்மா, சித்திக்கு என்மேல கோபம் வருமா?"

"எதுக்கு?"

"நம்பரைத் திருப்பிக் கொடுத்துட்டேனே."

"வராதும்மா. அவளுக்குக் கோபமே வராது."

ஜன்னலுக்கு வெளியே வேரிங் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சேறும் சகதியுமாகத் திரும்பத் தொடங்கினார்கள். கைதட்டல் கேட்டது. பிறகு குறைந்தது. பிறகு நின்றுபோனது. மூன்றரை மணி இருக்கும், கதவைத் தட்டாமலே ஒரு பெண் உள்ளே வந்தாள். துணை கேப்டன் ஹிலரி, மூச்சிரைக்க.

"மிசஸ் லேஸி, ரோஸமண்ட் இங்கே வந்தாளா?"

"இல்லையே."

"எல்லாரும் வந்தாச்சு. அவ மட்டும் வரலை. முதல்ல ஏறினதே அவதான். கல்லுக்கிட்ட நின்னுட்டு, 'நீங்க போங்க, நான் கடைசிப் பிள்ளையை அனுப்பிட்டு வர்றேன்'னா. கடைசிப் பிள்ளை வந்தே கால் மணி ஆச்சு."

வினிஃப்ரெட் எழுந்தாள். உட்கார்ந்தாள். மெரியலின் கை அவள் விரல்களைப் பிடித்திருந்தது. இதை விட்டுப் போவதா? அங்கே ஒருத்தி மழையில், பாறையில், எந்த மனநிலையில் இருக்கிறாளோ!

மெரியல்தான் விரல்களை விட்டாள்.

"நீ போம்மா. அவ எப்பவும் எல்லாத்தையும் பெரிசா எடுத்துக்குவா. நான் படுத்திருக்கேன். சத்தியமா எழுந்திருக்க மாட்டேன்."

நகரத்து ஷூவைப் போட்டுக்கொண்டு பீக்கன் குன்றில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வினிஃப்ரெட் இரண்டு முறை விழுந்தாள். காலுறை கிழிந்தது. ஆட்டுப்பாதை முழுக்கச் சேறு. மேலே போகப் போகத் தூறல் பனியாக மாறி முகத்தில் குத்தியது. "ரோஸ்! ரோஸ்!" என்று கத்தினாள். காற்று குரலைப் பிடுங்கிக்கொண்டு போனது.

உச்சியில் அந்தக் கல்லின் மறைவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ரோஸமண்ட் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாகியிருந்தது.

"கால் சுளுக்கிடுச்சா?"

"இல்லை."

"பின்னே என்னடி? உயிரே போயிடுச்சு எனக்கு!"

"நாலு மணி அடிக்கணும். அதுக்கப்புறம்தான் இறங்குவேன்."

"எதுக்கு?"

ரோஸமண்ட் தாயைப் பார்க்காமல் சொன்னாள்: "நாற்பத்தொரு பேர் திரும்பினா, மெரியல் ஒருத்தியாலதான் ஃபுல் போச்சுன்னு சொல்வாங்க. கோடை வரைக்கும் அவகூட யாரும் பேச மாட்டாங்க. எனக்குத் தெரியும், போன வருஷம் ஒரு பொண்ணுக்கு அப்படிச் செஞ்சதே நான்தான். கேப்டனே திரும்பலைன்னா அவ பேரை யாரும் எடுக்க மாட்டாங்க. என்னைத்தான் திட்டுவாங்க. திட்டட்டும்."

வினிஃப்ரெட்டுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளும் பதினேழு வயதில் இதே கல்லைத் தொட்டவள்தான். தன் கேப்டன் பதவியை இப்படித் தங்கைக்காகச் செலவழிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் மேல்கோட்டைக் கழற்றி மகளைப் போர்த்தினாள். ரோஸமண்ட் உதறவில்லை. இருவரும் கல்லுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்கள்.

"அம்மா."

"ம்."

"போர்வையை இழுத்தப்போ... அவங்க என்ன சொன்னாங்க?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று பயந்தே பாதி வாழ்க்கை போயிருந்தது.

"அழுவான்னு நினைச்சேன், அழலை. எழுப்பறதுக்காக நெத்தியில கை வெச்சேன். 'உன் கை சில்லுனு இருக்கு வின்னி, இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுக்கோயேன்'னு சொன்னா."

"நீ?"

"கையை எடுத்துட்டேன். நேரமாச்சுன்னு."

கோட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து வினிஃப்ரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கைகளும் ஒரே மாதிரிக் குளிர்ந்து விறைத்திருந்தன.

கீழே பள்ளி மணி நாலு அடித்தது. கடைசி அடி அடங்குவதற்குள், வெள்ளை ஆம்புலன்ஸ் ஒன்று வாசல் தாண்டி உள்ளே நுழைவது மேலிருந்து தெரிந்தது. சிக் ரூம் பக்கத்தில் நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆமாம், நடக்கவில்லை, ஓடினார்கள்.

"அம்மா, எழுந்திரு!" என்று ரோஸமண்ட் கத்திக்கொண்டே சரிவில் பாய்ந்தாள்.

வினிஃப்ரெட் ஷூக்களைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு அவள் பின்னால் ஓடினாள்.